குளத்தை மூடும் பச்சைப் பாய்

குளக்கட்டில் நின்று பார்ப்பவருக்கு அது அழகாகத்தான் தெரியும். கொழுத்த பச்சை இலை, ஊதாப் பூ. ஆற்றுவாழை என்றும் ஆகாயத்தாமரை என்றும் நாம் சொல்லும் இந்தத் தென் அமெரிக்கச் செடி, அந்தப் பூவுக்காகவே 1900களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே தொல்லை பெருகி, 1909இல் இதற்கென்று தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. மற்றது சல்வீனியா. 1939இல் கொழும்பில் தாவரவியற் படிப்புக்காகக் கொண்டுவரப்பட்டு வெளியே தப்பிய ஒரு மிதக்கும் பன்னம் இது.

இரண்டும் குளத்தை மூடினால் என்ன நடக்கும்? வெளிச்சமும் காற்றும் தண்ணீருக்குள் இறங்குவதில்லை. மீன் மூச்சு முட்டிச் சாகும், வலை வீச இடமிராது. அழுகியது அடியில் படிந்து குளம் மேடாகும். துருசு வாயில் செடி அடைத்தால், கடைசி வயலுக்கு நீர் வேண்டிய வாரத்தில் வாய்க்கால் வறண்டு கிடக்கும்.

ஆற்றுவாழைக்கு விதையுண்டு. அது சேற்றுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். சல்வீனியாவுக்கு முளைக்கும் விதையில்லை, உடைந்த துண்டொன்றே போதும். வலையில், தோணியில், உழவு இயந்திரப் பெட்டியில் ஒட்டி அது அடுத்த குளத்துக்குப் போகிறது. ஆகவே வலையை வெயிலில் நன்றாகக் காயவிட்ட பின்பே வேறு குளத்தில் இறக்க வேண்டும்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு அந்தக் குளத்தின் கீழ் வயலில்லை. கமக்காரர் அமைப்பில் பெயரில்லை. குளிப்பதும் துவைப்பதும் அதே தண்ணீரில்தான். ஊரவரோ, "இவர்கள் வந்த பிறகுதான் குளம் பழுதானது" என்பார்கள். வந்தவர்கள், "எங்கள் குளமா இது?" என்று ஒதுங்குவார்கள். செடிக்கு இதைவிட வசதி வேறில்லை. எங்கள் எண்ணம் இதுதான்: வேலைக்கு முன்பே பேச்சு முடிய வேண்டும். சிரமதானம் என்று கூப்பிட்டு, உழைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்புவது நீதியல்ல. அகற்றிய செடியின் பசளை யாருக்கு, வீட்டுத்தோட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர், மீன்பிடிக்க அனுமதி உண்டா என்பவற்றைப் போகக் கூட்டத்தில் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிறு குளமாயின் கமநல சேவை நிலையத்தையும் பெருங் குளமாயின் நீர்ப்பாசனத் திணைக்களத்தையும் கேளுங்கள். நன்னீர் மீன்பிடிச் சங்கத்தை விட்டுவிடாதீர்கள். தோணியும் அவர்களிடம், குளத்தின் ஆழம் அறிந்தவர்களும் அவர்களே.

சிறுபோகம் முடிந்து நீர் வற்றும் ஆவணி, புரட்டாதி நாட்களே இதற்கு ஏற்ற காலம். மாரி தொடங்கிய பின் இறங்குவது வீண். மேலே வேறு குளம் இருந்து அதன் நீர் உங்கள் குளத்துக்கு வருமானால், அங்கிருந்து தொடங்க வேண்டும். இல்லையேல் நீங்கள் துப்புரவாக்கியதை முதல் வெள்ளம் மறுபடி நிரப்பிவிடும். நீர் வரும் வாயில் மூங்கில்களைக் கயிற்றால் பிணைத்து மிதக்கவிட்டால், வரும் செடி அங்கேயே தங்கும். கொக்கத்தடியால் கரைக்கு இழுத்து, குளம் நிரம்பும் எல்லைக்கும் மேலே குவியுங்கள். அலைகரையில் விட்டுப்போன குவியலை மழை திரும்பவும் குளத்துக்கே கொண்டுபோன கதை பல ஊர்களில் உண்டு. தாமரையையும் அல்லியையும் சேர்த்துப் பிடுங்காதீர்கள். அவை நம் குளத்துக்கு உரியவை.

யுத்தம் நடந்த பகுதிகளில், கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதியாகத் தெரியாத அலைகரையில் எவரும் கால் வைக்கக் கூடாது. கிராம சேவையாளரிடம் முதலில் விசாரியுங்கள். முதலை உள்ள இடத்தில் சிறுவரை இறக்கவும் வேண்டாம்.

செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். சில நாள் வாடவிட்டு, சாணம், வைக்கோல், இலைகுழையுடன் படைபடையாக அடுக்கினால் நல்ல கூட்டெரு. பூத்து விதை கட்டிய ஆற்றுவாழையை மட்டும் எருவுக்குச் சேர்க்காமல் காயவைத்து எரித்துவிடுங்கள். களைநாசினி தெளிக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. குடிக்கவும் குளிக்கவும் எடுக்கும் தண்ணீரில் அது கூடாது. மேலும் முழுவதும் ஒன்றாக அழுகினால் மீனும் மிஞ்சாது.

சல்வீனியாவுக்கு ஒரு எதிரி உண்டு. 2 மில்லிமீற்றர் அளவான கறுப்பு வண்டு. பிரேசிலிலிருந்து எடுக்கப்பட்டு, 1980இல் அவுஸ்திரேலியாவில் ஒரு நீர்த்தேக்கத்தில் விடப்பட்டது. அங்கு பலன் கண்டபின் 1986இல் இலங்கையிலும் விடப்பட்டு, பல நீர்நிலைகளைத் திறந்து தந்தது. அதன் புழு செடியின் தண்டைக் குடைந்து தின்னும். நெல்லைத் தொடாது. ஆற்றுவாழைக்கு விடப்பட்ட வேறு வண்டு அத்தனை வேகமாக வேலை செய்யவில்லை. உங்கள் குளத்தில் சல்வீனியா பழுப்பேறிக் கருகுவதாகக் கண்டால், முழுவதையும் அள்ளிவிடாமல் விவசாயப் போதனாசிரியருக்குக் காட்டுங்கள். வண்டை எடுத்துப்போகிறோமென்று செடியை நீங்களாக வேறு குளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

குழுவாகக் கலந்துரையாட:
நமது குளத்துக்கு நீர் எந்தக் குளத்திலிருந்து வருகிறது? அந்த ஊரவருடன் யார் பேசுவது?
ஊரவரும் வந்தவர்களும் சேர்ந்து இறங்குவதற்குத் தடையாயிருப்பது எது?
மாரிக்கு முன் எத்தனை நாள் வேலை, எத்தனை பேர், யாருடைய தோணி?