குளமும் இல்ல, குழந்தையும் இல்ல: ஒரு சீக்வெல்ல சரக்கு போதுமான்னு எப்படிப் பார்க்கிறது?



போன எபிசோடுல லைஃப் சிமுலேஷன் கேம்களைப் பத்திப் பேசும்போது ஒரு கேள்வியைப் பாதியிலேயே விட்டுட்டோம். பிடிச்ச கேமுக்குப் புது பாகம் வருது. முழு விலை. அதுல சரக்கு போதுமா? (சரக்குன்னா கன்டென்ட். வேற எதையும் நினைக்காதீங்க, உங்க அம்மா அப்பாவும் இதைப் படிக்கிறாங்க.)

இந்தக் கேள்விக்கு எல்லாரும் எண்ணித்தான் பதில் சொல்றாங்க. எத்தனை சோபா, எத்தனை ஹேர்ஸ்டைல், எத்தனை வேலை. பழைய பாகத்துல இருந்த எண்ணிக்கையைப் பக்கத்துல வெச்சு ஒரு டேபிள் போட்டுடுவாங்க. எண்ணுறது சுலபம், அதனால எண்ணுறாங்க. ஆனா அந்த டேபிளை மட்டும் பார்த்து காசு கொடுத்தா ஏமாறுவீங்க, கொடுக்காம விட்டாலும் சில சமயம் ஏமாறுவீங்க. ஏன்னு புரிஞ்சுக்க ‘தி சிம்ஸ் 4’ஐ விட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. அது வெளிவந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அன்னைக்கு இல்லாம இருந்தது எது, அப்புறம் வந்தது எது, கடைசி வரைக்கும் வராமலே போனது எதுன்னு இப்போ முழுசா பார்க்க முடியும்.

2014 செப்டம்பர் 2ஆம் தேதி சிம்ஸ் 4 கடைக்கு வந்தது. அமெரிக்காவுல 60 டாலர். அதுல நீச்சல் குளம் இல்ல. டாட்லர் இல்ல, அதாவது தத்தித் தத்தி நடக்கிற வயசுக் குழந்தை இல்ல. தொட்டில்ல இருக்கிற பிறந்த குழந்தை ஒரே நாள்ல தாவி ஸ்கூல் போற பிள்ளையாயிடும். ரசிகர்கள் கொதிச்சுப் போனாங்க. நியாயமான கோபம்தான். ஆனா இந்த ரெண்டும் ஒரே அளவு பிரச்சினை இல்ல. குளம் அதே வருஷம் நவம்பர்ல இலவச பேட்ச்ல வந்துடுச்சு. டாட்லர் வர 2017 ஜனவரி ஆச்சு. ரெண்டு மாசம் எங்க, ரெண்டு வருஷத்துக்கு மேல எங்க?

இங்கதான் கொஞ்சம் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேணும். பயப்படாதீங்க, பெருக்கல் தெரிஞ்சா போதும்.

2000ல வந்த முதல் சிம்ஸ்லயே ஒரு அழகான யோசனை இருந்தது. அந்த கேம்ல மனுஷனை விட பொருள்தான் புத்திசாலி. ஃப்ரிட்ஜ் சும்மா நிக்காது. சந்தையில கடைக்காரர் கூவுற மாதிரி, “என்கிட்ட வா, பசி தீரும்”னு கூவிக்கிட்டே இருக்கும். டிவி “இங்க வா, ஜாலி”ங்கும். கட்டில் “தூக்கம், தூக்கம்”னு கூப்பிடும். சிம் தன்னோட தேவைகளைப் பார்க்கும். வயிறு காலியா, தூக்கமா, போர் அடிக்குதா? எந்தக் கூவல் தனக்கு இப்போ அதிகம் பயன்படுமோ, பெரும்பாலும் அந்தப் பக்கம் போகும். என்ன பண்ணணும், எப்படிப் பண்ணணும்ங்கிற விவரம் பொருளுக்குள்ளேயே இருக்கும். அதனாலதான் புதுசா ஒரு காபி மெஷினைச் சேர்த்தா சிம்மோட மூளையில கை வைக்க வேண்டியதில்ல. எக்ஸ்பான்ஷன் பேக் வியாபாரமே இந்த ஒரு யோசனை மேலதான் நிக்குது.

இப்போ பெருக்கல். ஒரு கணக்குக்கு, கேம்ல 300 பொருள் இருக்குன்னு வெச்சுக்குவோம். சிம்ஸ் 4ல டீன் ஏஜ் பிள்ளையும் தாத்தாவும் ஒரே உயரம். கவனிச்சிருக்கீங்களா? அது சோம்பேறித்தனம் மட்டும் இல்ல, சிக்கனமும்தான். உயரம் ஒண்ணா இருந்தா ஒரே அசைவுகளை எல்லாருக்கும் திரும்பப் பயன்படுத்தலாம். ஆக வெளியீட்டு நாள்ல, நடமாடுற உடம்பு ரெண்டே வகைதான்: குழந்தை, பெரியவர். தொட்டில்ல இருந்த பாப்பா கிட்டத்தட்ட ஒரு ஃபர்னிச்சர். சரி, 300 பொருள், 2 உடம்பு, 600 கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் “இந்த உடம்பு இந்தப் பொருள்கிட்ட வந்தா என்ன நடக்கும்?”ங்கிற கேள்விக்கு யாராவது பதில் எழுதியிருக்கணும். “ஒண்ணும் நடக்காது”ங்கிறதும் ஒரு பதில்தான், அதையும் ஒருத்தர் முடிவு பண்ணி டெஸ்ட் பண்ணணும்.

புதுசா ஒரு நாற்காலி சேர்த்தா ரெண்டு கட்டம் கூடும். புதுசா ஒரு வயசு சேர்த்தா 300 கட்டம் கூடும். அதோட முடியல. டாட்லரைத் தூக்கணும், குளிப்பாட்டணும், ஊட்டணும், கதை சொல்லித் தூங்க வைக்கணும். எல்லாமே ரெண்டு உடம்பு சேர்ந்து அசையுற அசைவு. மாடிப்படியில என்ன பண்ணும்? அப்பா அம்மா வேலைக்குப் போனா யார் பார்த்துக்குவாங்க? அழுதா பக்கத்துல இருக்கிறவங்க மனநிலை மாறுமா? ஒரு வயசைச் சேர்க்கிறதுங்கிறது வீட்டுக்கு ஒரு சோபா வாங்குறது இல்ல. நிஜமாவே ஒரு குழந்தை பிறக்கிற மாதிரி, வீட்டுல இருக்கிற எல்லாப் பொருளும் எல்லா நேரமும் மாறிடும்.

அதனாலதான் என் தீர்ப்பு இது: டாட்லர் இல்லாதது குளம் இல்லாததை விடப் பல மடங்கு பெரிய ஓட்டை. எண்ணிக்கை டேபிள்ல ரெண்டுக்கும் ஒரே ஒரு சிவப்புக் கட்டம்தான் கிடைச்சிருக்கும்.

“ஆனா அண்ணா, புது கேமோட அடிப்படைப் பெட்டியை அஞ்சு வருஷம் எக்ஸ்பான்ஷன் சாப்பிட்டு வளர்ந்த பழைய கேமோட ஒப்பிடலாமா?”ன்னு நீங்க கேட்கலாம். நல்ல கேள்வி. ஒப்பிடக்கூடாது. சிம்ஸ் 3, 2009ல வந்து 2013க்குள்ள 11 எக்ஸ்பான்ஷன் பார்த்துடுச்சு. பருவகாலம் எங்க, நாய் பூனை எங்கன்னு சிம்ஸ் 4ஐ முதல் நாளே கேட்டது நியாயமே இல்ல. ஆனா குளம் 2000ல வந்த முதல் சிம்ஸோட முதல் பெட்டியிலேயே இருந்தது. டாட்லர் 2004ல சிம்ஸ் 2வோட முதல் பெட்டியில இருந்தது. பெட்டியைப் பெட்டியோட ஒப்பிட்டாலும் சிம்ஸ் 4 தோத்துது. சாக்கு செல்லுபடியாகிறது எங்க, ஆகாதது எங்கன்னு பிரிக்க இந்த ஒரு விதி போதும்: முதல் பெட்டிக்கு முதல் பெட்டி.

சரி, அந்தப் பணமும் நேரமும் எங்க போச்சு? முழுக்க வீணாகல. சிம்ஸ் 4ல சிம்கள் சாப்பிட்டுக்கிட்டே பேசும், டிவி பார்த்துக்கிட்டே அரட்டை அடிக்கும். முகத்தைக் களிமண் மாதிரி இழுத்துப் பிடிச்சு மாத்தலாம். கட்டின அறையை அப்படியே தூக்கி வேற இடத்துல வைக்கலாம். எல்லாத்துக்கும் மேல உணர்ச்சிகள். அவமானத்துலயும் கோபத்துலயும், ஏன் அளவுக்கு மீறிச் சிரிச்சும்கூட சிம் செத்துப் போகலாம். இது எதுவும் டேபிள்ல பெரிசா தெரியாது. ஆனா உணர்ச்சிங்கிறது 300 பொருளையும் தொடுற விஷயம். ஊக்கமா இருக்கிறவன் வரையுற ஓவியம் வேற, சோகமா இருக்கிறவன் வரையுற ஓவியம் வேற. அந்தத் திசை சரியான திசைதான். ஆனா தீனி போடல. நல்ல ஓவியம் ரெண்டு, நல்ல சோபா ஒண்ணு வாங்கிப் போட்டா வீட்டுல எல்லாரும் எப்பவும் ஹாப்பி. சண்டை நடக்கும், அஞ்சு நிமிஷத்துல சோபாவைப் பார்த்துச் சிரிப்பாங்க. நம்ம கல்யாண வீடு எதுலயாவது அப்படி நடந்திருக்கா?

அடுத்து, பேட்சால வரவே முடியாத விஷயங்கள். சிம்ஸ் 3ல ஊர் முழுக்கத் திறந்து கிடக்கும். வீட்டை விட்டு இறங்கி லோடிங் ஸ்கிரீன் இல்லாம பார்க் வரைக்கும் நடக்கலாம். எந்தச் சட்டைக்கும், எந்த மேசைக்கும் நீங்களே நிறமும் டிசைனும் போடலாம். சிம்ஸ் 4 ரெண்டையும் கைவிட்டுது. காரணம் இருக்கு. சிம்ஸ் 3 ஊர் முழுக்க எல்லாருக்கும் வாழ்க்கையை ஓட்டிக்கிட்டே இருந்ததால, நல்ல கம்ப்யூட்டரே மூச்சு வாங்கும். சிம்ஸ் 4 சாதாரண லேப்டாப்லயும் ஓடிச்சு. அது ஒரு கொடுக்கல் வாங்கல். ஆனா அந்த முடிவு அஸ்திவாரத்துல எடுத்த முடிவு. இன்னைக்கு வரைக்கும் திறந்த ஊரும் வரல, நிறச் சக்கரமும் வரல, ஓட்டுற காரும் வரல. எல்லா பேக்கையும் முழு விலைக்கு வாங்கினா ஆயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும். அவ்வளவு கொடுத்தாலும் அது வராது.

நான் கான்ட்ராக்ட்ல போற இடங்கள்ல இதே வசனம் அடிக்கடி கேட்கும்: “அதை ஃபேஸ் டூவுல பார்த்துக்கலாம்.” ரிப்போர்ட் ஒண்ணு குறையுதா, ஃபேஸ் டூவுல வரும். டேட்டாபேஸ் அமைப்பே தப்பா? எந்த ஃபேஸ்லயும் வராது, ஏன்னா அதுக்குள்ள அது மேல முப்பது விஷயம் கட்டிட்டிருப்பாங்க. கேம் கம்பெனி “ரோட்மேப்”னு ஒரு படம் காட்டும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

எல்லா லைஃப் சிம்முக்கும் ஒரே தராசு கிடையாது. ‘அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ்’ 2020 மார்ச் 20ஆம் தேதி வந்தப்போ கடல்ல குதிக்க முடியாது. 2012ல ஜப்பான்ல வந்த ‘நியூ லீஃப்’லயே அது இருந்தது. புதுசுல ஜூலை பேட்ச்லதான் வந்தது. ப்ரூஸ்டரோட காபிக் கடை 2021 நவம்பர் வரைக்கும் வரல. ஆனா சிம்ஸ் அளவு கூச்சல் எழல. காரணம் கடிகாரம். அந்த கேம் நிஜ நேரத்துல ஓடுது. இன்னைக்கு நட்ட மரத்தை இன்னைக்கே பார்க்க முடியாது. ஆஸ்திரேலியாவுல இருக்கிற நாங்க தெற்கு அரைக்கோளத்தைத் தேர்ந்தெடுத்தா ஜூன்லதான் பனி, அதுவரைக்கும் காத்திருக்கணும். ஆட்டமே காத்திருப்பா இருந்தா, குறையுற விஷயம் பின்னாடி வந்து சேர்ந்துக்கலாம். சிம்ஸ்ல ஒரே ராத்திரியில மூணு தலைமுறையை ஓட்டிடலாம். காலியான இடத்தை மறைக்க அங்க கடிகாரம் இல்ல.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்களுக்காக. 2020 டிசம்பர் வரைக்கும் சிம்ஸ் 4ல கருப்பு, பழுப்பு நிறங்கள் ரொம்பக் குறைவு, இருந்ததும் சாம்பல் பூசின மாதிரி. அந்த மாசம் நூறுக்கும் மேற்பட்ட புதுத் தோல் நிறங்களை இலவசமா சேர்த்தாங்க. அதுக்கு முன்னாடி, உங்க பாட்டியை கேமுக்குள்ள கொண்டுவரணும்னா ரசிகர்கள் செஞ்ச மாட்களைத்தான் தேடணும். இது ‘எக்ஸ்ட்ரா’ இல்ல. உங்க குடும்பத்தையே உருவாக்க முடியலைன்னா, அந்தப் பெட்டியில எத்தனை ஹேர்ஸ்டைல் இருந்தா உங்களுக்கென்ன? விமர்சகர் போடுற டேபிள்ல இந்த வரி இருக்காது. நீங்கதான் உங்க வரியைச் சேர்க்கணும்.

கடைசியா செய்முறை. சிம்ஸ் 4 அடிப்படை கேம் 2022 அக்டோபர்லேருந்து இலவசம், அதனால இதை அதுலயே இந்த வாரம் பழகிப் பாருங்க. புது கேமை ஸ்டீம்ல வாங்குறீங்கன்னா, வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா, காசைத் திரும்பக் கேட்கலாம். லைஃப் சிம்ல பொறி எங்க இருக்குன்னா, அந்த 2 மணி நேரம் ஆள் உருவாக்குறதுலயே கரைஞ்சிடும். முகம் அழகா வந்திருக்கும், கேமைப் பார்த்திருக்கவே மாட்டீங்க.

அதனால கேம்ல ஏற்கெனவே இருக்கிற ஒரு குடும்பத்தை எடுங்க. ஃப்ரீ வில் ஆன்ல இருக்கட்டும். வேகத்தைக் கூட்டுங்க. முதல் ஒரு மணி நேரம் ஒரு கட்டளையும் கொடுக்காம சும்மா பாருங்க. ரெண்டு பேருக்குள்ள நடந்த சண்டை அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில தெரியுதா? ஒரே பொருளை ரெண்டு பேர் ரெண்டு விதமாப் பயன்படுத்துறாங்களா? மூணாவது நாள் முதல் நாள் மாதிரியே இருக்கா? அப்புறம் வீட்டை விட்டு வெளியே கூட்டிட்டுப் போங்க, ஊர் எப்படிக் கட்டியிருக்காங்கன்னு பாருங்க, அதுதான் மாறாத பகுதி. முடி, மூக்கு, புருவம் எதையும் அதுவரைக்கும் தொடாதீங்க. தோல் நிறம் மட்டும் ஒரு தடவை திறந்து பார்த்துட்டு மூடிடுங்க.