பல்லிக்கும் சாப விமோசனம்

கேள்வி: மாயமும் பழைய ரகசியங்களும் மன்னிப்பும் கலந்த நல்ல குடும்ப நாவல் ஒன்று சொல்லுங்களேன்.
- வாசகி, காஞ்சிபுரம்

பதில்: இசபெல் அயெந்தே ஸ்பானிய மொழியில் எழுதி 1982இல் வெளியான 'ஆவிகளின் வீடு'. சிலியில் மரணப் படுக்கையில் இருந்த தாத்தாவுக்கு 1981 ஜனவரி 8 அன்று கராகஸிலிருந்து எழுதத் தொடங்கிய கடிதமே நாவலாக வளர்ந்தது. பாட்டி கிளாராவின் பழைய நோட்டுகளைப் புரட்டும் பேத்தி ஆல்பா, தன்னை வதைத்தவனைப் பழிவாங்க மறுக்கிறாள்.

இந்த மன்னிப்பு உங்கள் ஊருக்கும் புதிதல்ல.

தீர்த்தக் குடத்தில் பல்லி கிடந்ததைக் கவனிக்காத சீடர்கள், கௌதம முனிவரின் சாபத்தால் பல்லிகளாகி, வரதராஜப் பெருமாள் கோயிலில் விமோசனம் பெற்றதாகத் தலவரலாறு சொல்கிறது. பக்தர்கள் படியேறி, கையை உயர்த்தி, அங்குள்ள தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்குகிறார்கள்.

நாவலை முடித்த கையோடு நீங்களும் ஒருமுறை போய்த் தொட்டு வாருங்கள்.