இருவருக்கான கயாக்: வாங்கும் முன்...

● ஏரி, உப்பங்கழிக்குப் புதியவர்கள் என்றால், மேலே உட்கார்ந்து துடுப்புப் போடும் திறந்த வகை நல்லது. உள்ளே தெறிக்கும் நீர் அடித்துளைகள் வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் திரும்ப ஏறுவது எளிது.

● 12 முதல் 14 அடி நீளமும் 32 அங்குலத்துக்குக் குறையாத அகலமும் இருந்தால் ஆட்டம் குறையும்.

● இருவர் எடையோடு பை, தண்ணீரையும் கூட்டுங்கள். கயாக் தாங்கும் எடை அதைவிடத் தாராளமாக இருக்கட்டும்.

● பிளாஸ்டிக் கயாக் 30 கிலோவைத் தாண்டலாம். கடையிலேயே இருவரும் தூக்கிப் பாருங்கள். வைக்க இடமில்லையா? காற்றடைக்கும் வகையைப் பாருங்கள்.

● நடுவிலும் இருக்கை பொருத்த வழியிருந்தால் தனியாகவும் ஓட்டலாம்.

● அளவான 2 லைஃப் ஜாக்கெட்டுகளுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். அவற்றை அணியாமல் நீரில் இறங்கவே வேண்டாம்.