பூகா பள்ளத்தாக்கின் சூடு வானத்திலிருந்து தெரியுமா?

கேள்வி: புவியியல் முதுகலை படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு லடாக்கின் பூகா பள்ளத்தாக்கை எடுத்திருக்கிறேன். லேண்ட்சாட் வெப்பப் படங்களில் சூடாகத் தெரியும் இடங்களைக் குறித்து, அதையே புவிவெப்ப வளத்தின் வரைபடமாகக் கொடுத்தால் போதுமா?
– வாசகி, திருச்சி

பதில்: போதாது. அந்தப் படத்தில் பெரும்பாலும் வெயில்தான் பதிந்திருக்கும். நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் வரை தருகிறது. பூமிக்குள்ளிருந்து ஏறிவரும் வெப்பமோ கண்டங்களில் சராசரியாக 0.065 வாட்தான். பூகாவில் அது பல மடங்கு அதிகம். ஆனாலும் அரை வாட்டை ஒட்டியதுதான். பகல் படத்தில் பளிச்சென்று நிற்பவை தெற்குப் பார்த்த சரிவுகளும் கரும்பாறைகளும். ஆகவே ஆஸ்டர் கருவி இரவில் எடுத்த படங்களைத் தேடுங்கள். அந்தப் பள்ளத்தாக்கு சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக்கூடக் குறையும் வெப்பத்தையும் கணக்கில் எடுத்துத் திருத்துங்கள். அதன் பிறகும் மிஞ்சும் சூடு, பெரும்பாலும் வெந்நீர் வெளியே வழியும் இடத்தைக் காட்டும்.

சூட்டைவிட, அந்த வெந்நீர் விட்டுச்சென்ற கனிமங்களைத்தான் நான் அதிகம் நம்புவேன். பூகாவின் தரையில் வெண்காரம் படிந்து கிடக்கிறது. வெந்நீர் பட்டு உருமாறிய பாறைகளில் களிமண் கனிமங்கள் உண்டு. குறுஅலை அகச்சிவப்பில் இவற்றைப் பிரித்தறியலாம். ஆஸ்டரின் அந்தப் பட்டைகள் 2008 ஏப்ரலுக்குப் பிறகு பயன்படாது; அதற்கு முந்தைய படங்களையே எடுங்கள். பள்ளத்தாக்கின் இரு பக்கமும் உள்ள கியாகர் சோ, சில்டாட் பிளவுகளையும் உயரத் தரவிலிருந்து வரைந்துகொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மதிப்பெண் போடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். ஊற்று, தரைச்சூடு, வெண்காரம் மூன்றும் ஒரே வெந்நீரின் அடையாளங்கள். மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் கொடுத்தால் ஒரே சாட்சியை மூன்று முறை கூண்டில் ஏற்றியதாகிவிடும். ஏற்கெனவே தெரிந்த ஊற்றைச் சுற்றி வரைபடம் சிவக்கும். மேலே எந்த அறிகுறியும் காட்டாமல் ஆழத்தில் கிடக்கும் வெப்பம் விடுபட்டுப்போகும். அதைத் தேட நிலத்தின் மின்தடை அளவீடுகள் வேண்டும். ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வகத்தார் பூகாவில் செய்த அளவீடுகள் வெளியாகியிருக்கின்றன, கட்டாயம் படியுங்கள்.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அங்கே போட்ட ஆழ்துளைகளின் தரவை வரைபடம் தயாரிக்கும்போது தொடாதீர்கள். அவற்றில் மிக ஆழமானது சுமார் 385 மீட்டர். 140 டிகிரி செல்சியஸ் வரை பதிவாகியிருக்கிறது. வரைபடம் முடிந்தபின் அந்த எண்களோடு ஒப்பிடுங்கள். பொருந்தாத இடங்களையும் மறைக்காமல் எழுதுங்கள். கருங்கழுத்துக் கொக்குகள் வரும் ஈரநிலத்தையும் தனி அடுக்காகக் குறித்துவிடுங்கள். 2021-இல் ஓ.என்.ஜி.சி. அங்கே மின்திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. எங்கே துளையிடலாம் என்று பார்ப்பவர்களுக்கு, எங்கே இடக்கூடாது என்பதும் அதே தாளில் தெரிய வேண்டும்.