கல் உங்களுடையது, சிம்னியில் அடுத்த வீட்டுக்கும் பங்குண்டு

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் நூறு ஆண்டுக்கு மேல் பழைய வரிசை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். கூடத்தில் பெரிய கல் ஃபயர்பிளேஸ் இருக்கிறது. யாரும் பயன்படுத்துவதில்லை, இடத்தை அடைக்கிறது. அதையும் அதன் பின்னால் துருத்தி நிற்கும் சிம்னிச் சுவரையும் கீழ்த்தளத்தில் மட்டும் இடித்துவிட்டு, மாடியில் உள்ளதை அப்படியே விடலாம், யாரிடமும் அனுமதி தேவையில்லை என்கிறார் பில்டர். அடுத்த வீட்டில் வயதான அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். அவர் இன்னும் கேஸ் ஃபயர்தான் பயன்படுத்துகிறார். எங்கள் வீட்டுக்குள் செய்யும் வேலைக்கு அவரைக் கேட்க வேண்டுமா? சேதம் ஏற்பட்டால் யார் பொறுப்பு?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்த பில்டரிடம் இப்போதைக்கு வேலையை ஒப்படைக்காதீர்கள். அவர் இரண்டு வெவ்வேறு வேலைகளை ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறார்.

முகப்பில் இருக்கும் கல் வேலைப்பாட்டை மட்டும் எடுப்பதானால், சாதாரண வீட்டில் பெரும்பாலும் எந்த அனுமதியும் வேண்டாம். ஆனால் உங்கள் வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால் கதை வேறு. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பாதுகாப்பு வீட்டின் உட்புறத்துக்கும் உண்டு. ஒப்புதல் இல்லாமல் பழைய ஃபயர்பிளேஸைப் பெயர்த்தால் அது குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறைகூட விதிக்கலாம். ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பட்டியலில் முகவரியைத் தேடிப் பாருங்கள்.

சிம்னிச் சுவருக்கு வருவோம். வரிசை வீடுகளில் அது பெரும்பாலும் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டம், அதாவது பார்ட்டி வால் சட்டம், அந்தத் துருத்தலை வெட்டி எடுக்க உங்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் வேலை தொடங்க இரண்டு மாதத்துக்கு முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த அம்மா வாடகைக்கு இருப்பவரானால் நோட்டீஸ் வீட்டு உரிமையாளருக்குப் போக வேண்டும். பதினான்கு நாளுக்குள் எழுத்தில் சம்மதம் வராவிட்டால் தகராறு எழுந்ததாகச் சட்டம் கருதிக்கொள்ளும். அப்போது இருவருக்கும் பொதுவாக ஒரு சர்வேயரோ, ஆளுக்கொருவரோ நியமிக்கப்பட்டு, வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதுவார்கள். அந்தச் செலவு வழக்கமாக உங்கள் தலையில்தான் விழும். முறையாக நடக்கும் வேலையை அவரால் அடியோடு தடுக்க முடியாது. அவர் வீட்டுக்கு ஏற்படும் சேதத்தைச் சரிசெய்யும் கடமையும் இழப்பீடு தரும் கடமையும் உங்களுடையவை.

நோட்டீஸ் தபாலில் போய்ச் சேருவதற்கு முன் நீங்களே நேரில் போய் விளக்குங்கள். தனியாக இருக்கும் வயதானவருக்குச் சட்டக் கடிதம் என்றாலே பயம். சம்மதித்தால் அதை எழுத்தில் வாங்கி, அவர் பக்கத்துச் சுவரை முன்கூட்டியே படமெடுத்து வையுங்கள்.

நோட்டீஸ் இல்லாமல் இடித்தால் இந்தச் சட்டத்தின் சர்வேயர் வழி அவருக்குக் கிடைக்காது என்று 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை உங்களுக்குச் சாதகமாக எண்ண வேண்டாம். அவர் நேரே நீதிமன்றம் போய்த் தடையுத்தரவும் நஷ்டஈடும் கேட்கலாம்.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது அவருடைய கேஸ் ஃபயர். இரு வீட்டுப் புகைக்குழாய்களும் பல இடங்களில் அடுத்தடுத்தே போகும். இடையில் மெல்லிய செங்கல் தடுப்புதான். உங்கள் பக்கம் சம்மட்டி விழுந்து அது உடைந்தால், அவர் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உங்கள் வீட்டுக்குள் கசியலாம். அவருடைய புகைக்குழாய் அடைபட்டால் அவர் அறையிலேயே தேங்கும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு உறக்கத்திலேயே ஆளைக் கொல்லும். வேலை நடக்கும் நாட்களில் அவர் அதைப் பற்றவைக்கக் கூடாது. முடிந்ததும் கேஸ் சேஃப் பதிவு பெற்றவரைக் கொண்டு அவருடைய புகைக்குழாயைச் சோதித்துக் கொடுங்கள். அந்தச் செலவை நீங்கள் ஏற்பதே நியாயம்.

கீழே இடித்து மேலே விடுவது என்றால், மாடிச் சிம்னியும் கூரைக்கு மேல் நிற்பதும் சேர்ந்து டன் கணக்கான எடை. அதைத் தாங்க இரும்பு உத்தரமோ வேறு தாங்கலோ வேண்டும், அதைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர். கட்டட விதிகளின்படி பில்டிங் கன்ட்ரோல் ஒப்புதலும் கட்டாயம். வேலை முடிந்ததும் தரும் நிறைவுச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான். விதிமீறலைச் சரிசெய்யச் சொல்லி உத்தரவிட 2023 முதல் கவுன்சிலுக்குப் பத்து ஆண்டு அவகாசம் இருக்கிறது, முன்பு ஓராண்டுதான்.

கல்லுக்குப் பின்னால் பழைய பேக் பாய்லரோ கேஸ் குழாயோ இருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் பலகையும் இருக்கலாம். அது இங்கே முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். சந்தேகம் இருந்தால் உடைக்காமல் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வீட்டு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் முன்கூட்டியே எழுதுங்கள்.

இந்தப் பதில் வருவதற்குள் பில்டர் இடிக்கத் தொடங்கியிருந்தால், உடனே நிறுத்துங்கள். சிம்னிக்குக் கீழே யாரையும் நிற்க விடாமல், அன்றைக்கே பொறியாளரை வரவழைத்து முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அனுமதியின்றிச் செய்த வேலையைப் பின்னர் ஆய்வுசெய்து முறைப்படுத்திச் சான்று தரும் ஏற்பாடு கவுன்சிலில் உண்டு, அதற்கு விண்ணப்பிக்கலாம்.