ஆர்டர் எடுக்கும் தாய்க்கு விடுப்பு யார் தருவது?

போடிநாயக்கனூர் ஊருக்குள் ஸ்வெட்டர் தேவைப்படும் நாள் குறைவுதான். ஆனால் முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி போடிமெட்டு போய்விட்டால் கதையே வேறு. விடியற்காலையில் ஜீப்பில் ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குக் குல்லா வேண்டும். அந்த வழியாக மூணாறு போகும் சுற்றுலாப் பயணிக்கு மார்கழிக் குளிரில் மப்ளர் வேண்டும். மலைக் கிராமத்தில் பிறக்கும் குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே தலைமூடி வேண்டும். ஆக, உல்லன் நூலும் பின்னல் ஊசியும் வைத்து வீட்டிலிருந்தே சம்பாதிக்க நினைக்கும் பெண்ணுக்குச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. மீதியை வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் பார்த்துக்கொள்கின்றன.

அதே பெண் கர்ப்பமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரசவ தேதி ஜனவரி 10. குளிர்கால ஆர்டர்கள் குவிவது நவம்பர், டிசம்பரில். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது எதை எங்கே நிறுத்துவது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

சட்டம் சொல்லும் கணக்கு

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. 2017 திருத்தத்தில் அது 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். பிரசவம் முடிந்த முதல் 6 வாரத்தில் எந்த முதலாளியும் அந்தப் பெண்ணை வேலை வாங்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொன்னது.

வீட்டில் உட்கார்ந்து பின்னுகிறவருக்கு முதலாளி இல்லை, விடுப்புச் சம்பளமும் இல்லை. "சும்மா இருக்கிற நேரத்துல பண்றதுதானே, இதுக்கு என்ன லீவு?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். இந்தக் கேள்வி புதிதல்ல. ஆந்திராவின் நரசாப்பூரில் பெண்கள் வீட்டிலிருந்தே குரோஷா லேஸ் பின்னினார்கள். அது வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. அங்கே ஆய்வு செய்த ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் அதைப் புத்தகமாக்கினார். அவர் கண்டது இதுதான்: நாள் முழுக்க உழைத்த அந்தப் பெண்களை 'வீட்டில் சும்மா இருப்பவர்கள்' என்றே எல்லோரும் சொன்னார்கள். தொழிலாளி என்ற கணக்கிலேயே அவர்கள் வரவில்லை. கணக்கில் வராத வேலைக்கு விடுப்பும் கிடையாது, கூலியும் அப்படித்தான்.

எனவே சட்டத்தில் இருக்கும் அந்த 8, 6, 26 ஆகிய மூன்று எண்களைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் முதலாளியும் நீங்கள்தான், தொழிலாளியும் நீங்கள்தான். முதலாளி செய்யக் கூடாததை நீங்களும் உங்களுக்கே செய்துகொள்ளாதீர்கள்.

ஆர்டருக்கு முன்னால் பதிவு

நாள் தள்ளிப்போனது உறுதியானதும் செய்ய வேண்டிய முதல் வேலைக்கும் நூலுக்கும் சம்பந்தமில்லை. கிராமம் என்றால் கிராம சுகாதார செவிலியரிடமும், நகரம் என்றால் நகர்ப்புற சுகாதார செவிலியரிடமும் கர்ப்பத்தைப் பதிவு செய்யுங்கள். 'பிக்மி' இணையதளத்தில் செல்போனிலிருந்தோ இ-சேவை மையத்திலோ முன்பதிவு செய்யலாம். விவரம் சரிபார்க்கப்பட்டதும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் கிடைக்கும். ஸ்கேன், தடுப்பூசி, நிதியுதவி, பிறப்புச் சான்றிதழ் என்று பல இடங்களில் இந்த எண்ணைக் கேட்பார்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். நம் எடுத்துக்காட்டில் ஜனவரி 10 பிரசவ தேதி என்றால், கடைசி மாதவிலக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் வந்திருக்கும். அப்படியென்றால் ஜூன் மாதம் முடிவதற்குள் பதிவு முடிந்திருக்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் இதுவே வாசல். 19 வயது நிறைந்த, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துப் பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு ரூ.18,000 மதிப்பில் உதவி கிடைக்கிறது. அதில் ரூ.14,000 பணம். மீதி ரூ.4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். முன்பு ஐந்து தவணையாக இருந்த பணம் 2024-இல் மூன்றாக மாறியது: கர்ப்பத்தின் 4-ஆம் மாதத்தில் ரூ.6,000, குழந்தைக்கு 4 மாதமாகும்போது ரூ.6,000, 9 மாதமாகும்போது ரூ.2,000. ஒவ்வொரு தவணைக்கும் என்னென்ன பரிசோதனை, தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும் என்பதைச் செவிலியரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆதாரில் அப்பா பெயர், வங்கியில் கணவர் பெயர், மருத்துவ அட்டையில் வேறு எழுத்து என்று இருந்தால் இழுத்தடிக்கும். இதை மூன்றாம் மாதத்திலேயே சரி செய்யுங்கள், எட்டாம் மாதத்தில் வரிசையில் நிற்க முடியாது. இன்னொரு விஷயம். ஆர்டர் பணம் கணவரின் ஜி-பே எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால் அதையும் உங்கள் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் தொழிலில் எவ்வளவு வருகிறது என்பதற்கு அந்த பாஸ்புக்தான் சாட்சி. நாளைக்கு வங்கிக் கடன் கேட்டுப் போனாலும் அதைத்தான் பார்ப்பார்கள்.

பிரசவ தேதியிலிருந்து பின்னோக்கி

இனி ஆர்டர் புத்தகத்தை எடுங்கள். ஜனவரி 10-ஐ வட்டமிடுங்கள். 37 வாரம் முடிந்துவிட்டால் குழந்தை எந்த நாளும் பிறக்கலாம். அதாவது டிசம்பர் 20-லிருந்தே ஒவ்வொரு நாளும் பிரசவ நாளாக இருக்க வாய்ப்புண்டு. சட்டத்தின் 8 வாரக் கணக்கை எடுத்தால் நவம்பர் 15. இந்த நவம்பர் 15-தான் கடைசியாகப் புது ஆர்டர் வாங்கும் நாள். ஏற்கெனவே வாங்கியதை மெதுவாக முடித்து அனுப்ப டிசம்பர் 20 வரை நேரம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஊசியை உள்ளே வைத்துவிடலாம்.

குளிர் சீசனே அப்போதுதானே என்று மனசு அடித்துக்கொள்ளும். நியாயம்தான். அதனால்தான் பின்னும் வேலையை மழைக்காலத்துக்கு முன்னே நகர்த்த வேண்டும். ஜூன் முதல் அக்டோபர் வரை அளவு பிரச்சினை இல்லாதவற்றைப் பின்னி அடுக்குங்கள்: பெரியவர்களுக்கான குல்லா, மப்ளர், தலைப்பட்டை. அளவெடுத்துப் பின்னும் ஸ்வெட்டரை இந்த வருடம் விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். கழுத்து சரியில்லை, கை நீளம் என்று பிரித்துப் பின்னச் சொன்னால் அந்த மாதங்களில் தாங்காது. அடுக்கி வைத்ததை டிசம்பரில் நாத்தனாரோ தங்கையோ பார்சல் கட்டி அனுப்பிவிட முடியும்.

வாடிக்கையாளரிடம் மறைக்கவும் வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இப்படிப் போட்டால் போதும்: "நவம்பர் 15-க்குப் பிறகு புது ஆர்டர் இல்லை. தயாராக உள்ளவை மட்டும் கிடைக்கும். மே மாதம் மறுபடியும் தொடங்குகிறேன்." ஏன் மே என்றால், நவம்பர் 15-லிருந்து 26 வாரம் எண்ணினால் மே 16 வருகிறது. முன்பணம் வாங்கிவிட்டு முடிக்க முடியாமல் போனால் திருப்பித் தர வேண்டியிருக்கும். அதனால் அக்டோபருக்கு மேல் முழு முன்பணம் வாங்காதீர்கள், நூல் விலைக்கு மட்டும் வாங்குங்கள்.

பணத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. நூல், தபால் செலவு போக மாதம் ரூ.4,000 நிற்கிறது என்று கொண்டால், 26 வாரம் என்பது ரூ.24,000. அது முழுவதையும் சேமித்துவிட முடியாது. மே நடுவிலிருந்து நவம்பர் நடு வரை ஆறு மாதம், மாதம் ரூ.2,000 தனியாக வைத்தால் ரூ.12,000 சேரும். மீதிப் பாதி அடுக்கி வைத்த சரக்கிலிருந்து வர வேண்டும். அரசு தரும் ரூ.14,000-ஐ இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அது உங்கள் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் தரப்படும் பணம், நூல் கடைப் பாக்கிக்கு அல்ல. மாதம் ரூ.2,000 எடுத்து வைக்க முடியவில்லை என்றால் உங்கள் விலை குறைவு என்று அர்த்தம். பின்னும் மணி நேரத்தை எழுதிப் பாருங்கள். ஒரு குல்லாவுக்கு மூன்று மணி நேரம் ஆகி, நூல் போக ரூ.60 நின்றால், மணிக்கு ரூ.20-க்கு வேலை செய்கிறீர்கள்.

கை மரத்துப் போனால்

கர்ப்ப காலத்தில் உடம்பில் நீர் கோக்கும். மணிக்கட்டில் அந்த வீக்கம் நரம்பை அழுத்தினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போகும். இரவில் அதிகமாகும். பின்னல் வேலை செய்கிறவர்கள் இதை "ஊசி பிடிச்ச வலி" என்று ஒதுக்கிவிடக்கூடும். பரிசோதனைக்குப் போகும்போது சொல்லுங்கள். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிடும். அதுவரை பின்னும் நேரத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம். தரையில் சம்மணமிட்டுக் குனிந்து பின்னுவதைவிட, முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலியில் கால்களைச் சற்று உயர்த்தி வைத்து உட்காருவது மேல்.

ஆனால் முகமும் கையும் திடீரென வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்கல், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றை உட்கார்ந்த அலுப்பு என்று நினைக்காதீர்கள். உடனே 108. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நாள். அந்தத் தேதியில் டெலிவரி எதுவும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

குரங்கணி, கொட்டகுடி, போடிமெட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வலி வந்த பிறகு மலை இறங்குவது என்று திட்டம் போட வேண்டாம். 37-வது வாரத்துக்கு முன்பே கீழே வந்து தங்க ஒரு வீட்டைப் பேசி வையுங்கள். போடி அரசு மருத்துவமனையிலிருந்து மேல்சிகிச்சைக்குப் போக வேண்டுமென்றால் தேனியைத் தாண்டி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தத் தூரத்தையும் மனதில் வையுங்கள்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். தாய்வீடு வேறு ஊரில் என்றால் இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும். ஒன்று, உங்கள் செவிலியரிடம்: ஆர்.சி.எச். எண் மாறாது, ஆனால் பிரசவம் எங்கே என்பது அவருக்கும் அங்குள்ள செவிலியருக்கும் தெரிய வேண்டும். இன்னொன்று, சரக்கு யாரிடம் இருக்கிறது என்று வாடிக்கையாளரிடம். நூல் மூட்டையையும் தாய்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். போனால் பின்னாமல் இருக்க மாட்டீர்கள்.

இந்த ஓய்வான வாரங்களில் செல்போனில் முடிக்கக்கூடிய தொழில் பதிவுகள் உண்டு. சிறு தொழிலுக்கான 'உதயம்' பதிவு முழுக்க இலவசம். ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், ஆவணம் எதுவும் ஏற்ற வேண்டாம். பணம் கேட்கும் இணையதளம் என்றால் அது அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான 'இ-ஷ்ரம்' பதிவு 16 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு. தமிழ்நாட்டில் தையல் உள்ளிட்ட தொழில்களுக்கு நல வாரியங்கள் இருக்கின்றன. உறுப்பினர்களுக்கான உதவிகளில் மகப்பேறும் ஒன்று. உங்கள் பின்னல் வேலை எந்த வாரியத்தில் சேரும், மகப்பேறு உதவியை வேறு திட்டத்தோடு சேர்த்துப் பெற முடியுமா என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

குழந்தை வந்த பிறகு

வீடு திரும்ப 102 தாய் சேய் ஊர்தி இலவசம். முதல் 6 வாரம், அதாவது பிப்ரவரி 21 வரை, ஊசியைத் தொட வேண்டாம். முதல் 6 மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். மே மாதம் மறுபடி தொடங்கும்போதும் குழந்தை அந்த ஆறு மாதத்துக்குள்தான் இருக்கும் என்பதால், பழைய வேகத்தில் பாதிக்கு மட்டும் ஆர்டர் எடுங்கள்.

நூல் இருக்கும் அறையும் குழந்தை தூங்கும் இடமும் தனித்தனியாக இருக்கட்டும். உதிர்ந்த நூல் இழையோ தலைமுடியோ குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுகிவிடுவது உண்டு. காரணம் தெரியாமல் குழந்தை விடாமல் அழுதால் சாக்ஸைக் கழற்றி ஒவ்வொரு விரலையும் பாருங்கள். கையால் பின்னிய சாக்ஸை உள்புறம் திருப்பி, தொங்கும் இழையை வெட்டிவிட்டே போடுங்கள். விற்கும் குழந்தைச் சாக்ஸுக்கும் இதேதான். குழந்தைகளுக்கான குல்லாவில் பொத்தான், மணி, நீள நாடா வைக்காதீர்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்புவார்கள். பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றாலும் பரவாயில்லை, ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்த விவரத்தில் அப்பா, அம்மா பெயரின் எழுத்துகள் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.