கூட இருந்து பார்த்தவர் எழுதட்டும்

சிபாரிசு என்றாலே நமக்கு ஒரு பெரிய மனிதரின் லெட்டர்பேடும் அதில் நாலு வரியும்தான் நினைவுக்கு வரும். பள்ளியில் இடம் வாங்கவும் வேலையில் சேரவும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். கேட் எழுதி ஐ.ஐ.எம்.மின் இரண்டாண்டுப் படிப்பில் சேர்கிறவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. அதனால் அமெரிக்க எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பலர் இதை முதன்முறையாகச் சந்திக்கிறார்கள். சென்னையில் மென்பொருள் மேலாளராக இருந்து என் குழுவினர் சிலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்போது திரும்பத் திரும்பக் கேட்டவை இவை.

நம்பிக்கை: பெரிய பதவியில் இருப்பவர் எழுதினால் எடை கூடும்.

உண்மை: ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் இரண்டும் இரண்டு கடிதங்கள் கேட்கின்றன. அதில் ஒன்று தற்போதைய நேரடி மேலாளருடையதாக இருக்க வேண்டும் என்கிறது ஸ்டான்ஃபோர்ட். உங்களை லிஃப்டில் இரண்டு முறை பார்த்த துணைத் தலைவர் ‘கடின உழைப்பாளி, பண்பானவர்’ என்பதைத் தாண்டி என்ன எழுதுவார்? அந்த வரி யாருக்கும் பொருந்தும்.

நம்பிக்கை: கடிதத்தில் குறையே வரக்கூடாது.

உண்மை: ஜிமேட் தேர்வை நடத்தும் ஜி.எம்.ஏ.சி. தயாரித்த பொதுப் படிவத்தைப் பல கல்லூரிகள் பயன்படுத்துகின்றன. இவருக்கு நீங்கள் சொன்ன முக்கியமான திருத்தம் என்ன, எந்தச் சூழலில் சொன்னீர்கள், அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று அதில் நேரடியாகவே கேட்கிறார்கள். மழுப்பினால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

என் குழுவில் ஒரு பெண் இருந்தார். ஜூனியர்கள் எழுதிய கோடில் பிழை இருந்தால் திருப்பி அனுப்ப மாட்டார். ராத்திரி உட்கார்ந்து தானே சரிசெய்துவிடுவார். “நீ அவங்களுக்கு உதவி பண்ணலம்மா, கத்துக்க விடாம பண்ற” என்று ஒரு நாள் டீக்கடையில் வைத்துச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. மறுவாரத்திலிருந்து தினமும் கால் மணி நேரம் அந்த ஜூனியர்களில் ஒரு பையன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். மூன்று மாதம் கழித்து அக்கா கல்யாணத்துக்காக அவர் தென்காசி போயிருந்தபோது, ரிலீஸை அந்தப் பையன் தனியாக முடித்தான். இதைத்தான் எழுதினேன். அவரைப் பற்றி நான் எழுதியதில் மிகச் சிறந்த பாராட்டு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

நம்பிக்கை: ‘நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்றால் அதிர்ஷ்டம்.

உண்மை: இது ஆபத்து. கையெழுத்துப் போட இங்கே காகிதமே கிடையாது. பரிந்துரைப்பவரின் மின்னஞ்சலுக்கு இணைப்பு வரும். அவர் உள்ளே போய் நிரப்ப வேண்டும். விண்ணப்பதாரர் தன் கடிதத்தைத் தானே வரைவது விதிமீறல் என்று ஸ்டான்ஃபோர்ட் வெளிப்படையாகவே சொல்கிறது. உங்கள் விண்ணப்பக் கட்டுரையும் இரண்டு கடிதங்களும் ஒரே குரலில் ஒலித்தால் படிப்பவர்களுக்குச் சந்தேகம் வராதா? நீங்கள் செய்யக்கூடியது, அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவது. எந்த வேலை, எந்த மாதம், என்ன விளைவு என்று ஒரு பக்கக் குறிப்புக் கொடுங்கள். ஆங்கிலம் சரளமாக வராதே என்று அவர் தயங்கினால், எளிய வாக்கியங்களே போதும் என்று சொல்லுங்கள்.

நம்பிக்கை: மேலாளரிடம் கேட்க முடியாவிட்டால் பேராசிரியர்தான் வழி.

உண்மை: எம்.எஸ். படிப்புக்கு அது சரி. எம்.பி.ஏ.வுக்கு உங்களை வேலையில் பார்த்தவர் வேண்டும். முன்னாள் மேலாளரோ வாடிக்கையாளரோ எழுதலாம். காரணத்தை விண்ணப்பத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்.

காலக்கெடுவையும் மறக்காதீர்கள். ஹார்வர்டின் முதல் சுற்று செப்டம்பர் தொடக்கத்தில் முடிகிறது, இரண்டாவது ஜனவரி தொடக்கத்தில். டிசம்பர் கடைசியில் பாதி அலுவலகம் விடுமுறையில் இருக்கும். இரண்டு மாதம் முன்பே போய், “சார், நான் செஞ்ச வேலையில உங்களுக்கு ஞாபகம் இருக்கிற ரெண்டு விஷயம் சொல்ல முடியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் வெகுநேரம் யோசித்தால், நன்றி சொல்லிவிட்டு இன்னொருவரிடம் போங்கள்.